குப்புறக் கிடக்கும் கண்

மொன்றியலின் சென்ட் லோரன்டில் குடியிருக்கும் ஒருவர் டெக்காரி நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கி முள்ளந்தண்டும் அதனுள் ஓடும் நரம்பும் நசுங்கிவிட்டால், அவர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சக்ரே-கேர் வைத்தியசாலையாக இருக்கும். குவேன் மேற்கு வீதியில், பிரெய்ரி ஆற்றுக்கு அண்மையில் இருக்கிறது. மேற்குக் கியூபெக்கின் முள்ளந்தண்டு நரம்புக் காயங்களுக்கு நியமிக்கப்பட்ட நிலையம் அதுதான். 1926இல் அந்தக் கட்டடம் திறந்தபோது அது பெரும்பாலும் காசநோயாளருக்கானது. நோர்மன் பெத்தூன் சீனாவுக்குப் போவதற்கு முன், 1933 முதல் 1936 வரை, நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவை நடத்தியதும் அங்கேதான்.

முள்ளந்தண்டைப் பின்புறமாகத் திறக்க வேண்டுமானால் நோயாளி முகம் குப்புறக் கிடந்தே ஆக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் வைத்து, நாலைந்து பேர் சேர்ந்து ஆளைப் புரட்டுவார்கள். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் மெத்தைத் தாங்கிகள். முகம், நடுவில் குடையப்பட்ட நுரைப்பஞ்சு அணைக்குள். கண் இமைகள் ஒட்டுப்பட்டியால் மூடப்பட்டிருக்கும். அடுத்த மூன்று மணி நேரமோ எட்டு மணி நேரமோ, அறையில் உள்ள எவர் கண்ணிலும் அந்த முகம் படாது. அதற்குள்ளே கண்ணின் அமுக்கம் இரண்டு மடங்காக ஏறுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஏறுகிறது என்பதில் சர்ச்சை இல்லை. ஏறினால் என்ன என்பதில்தான் கால் நூற்றாண்டாக வாதம் நடக்கிறது.

முதலில் கண்ணின் கணக்கைப் பார்ப்போம். கண்ணின் முன்பகுதியில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று மைக்ரோலீற்றர் நீர் சுரக்கிறது. சுரந்த நீர், கருவிழித் திரை கண்ணின் முன்சுவரைச் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடைத் திசு வழியாக வடிந்து, வெண்விழியின் மேற்பரப்பு நாளங்களில் கலக்கிறது. அந்த நாளங்களின் அமுக்கம் சாதாரணமாக 8 முதல் 10 மி.மீ. இரசம். வடிகாலின் கடைவாய் அந்த நாளம் என்பதால், அங்கே அமுக்கம் ஏறினால் கண்ணுக்குள்ளும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். உட்கார்ந்திருப்பவருக்கு 10 முதல் 21 வரை இருந்தால் வழமையான அமுக்கம் என்கிறோம். மல்லாந்து படுத்தாலே சில புள்ளிகள் கூடும். குப்புறப் படுத்தால் இன்னும் கூடும்.

கூடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. வயிறு மேசையில் அழுந்தினால் வயிற்றறையின் பெருநாளம் நெரிபடும். தலையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் இரத்தமும் தேங்கும். தலை இதயத்தின் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ இருந்தால் தேக்கம் மேலும் பெருகும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோரொயிட் என்ற இரத்தப்படுகை ஊறித் தடிக்கும். விழிவில்லையும் கருவிழித் திரையும் புவியீர்ப்பில் முன்னோக்கிச் சரிந்து, நீர் வடியும் கோணத்தை ஒடுக்கும். ஒப்பரேசன் நீளும்போது நாளத்தில் ஏற்றும் உப்புநீர் முகமெல்லாம் கசிந்து வீங்க வைக்கும். நீண்ட ஒப்பரேசன் முடிந்து வெளியே வந்தவரைப் பார்க்கும் உறவினர், ஆளே மாறிப்போனார் என்று திடுக்கிடுவது இந்த வீக்கத்தைக் கண்டுதான். ஓரிரு நாளில் அது வற்றிவிடும்.

மயக்க மருந்து தன் பங்குக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. புரொப்போஃபோல், செவோஃபுளூரேன் போன்றவை கண் அமுக்கத்தைக் குறைப்பவை. தசைகளை நொடியில் தளர்த்தும் சக்சினைல்கோலின் மட்டும் சில நிமிடங்களுக்கு ஏற்றும்.

தசைத்தளர்வு என்றதும் மொன்றியலை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1942 ஜனவரி 23 அன்று, இந்த நகரின் ஹோமியோபதி வைத்தியசாலையில் ஹரோல்ட் கிரிஃபித், எனிட் ஜோன்சனுடன் சேர்ந்து, மயக்கத்தில் இருந்த ஒரு நோயாளிக்கு க்யூராரே கொடுத்தார். அமேசன் காட்டு மக்கள் அம்பு நுனியில் பூசிய நஞ்சு அன்று ஒப்பரேசன் தியேட்டருக்குள் வந்தது. தசைகள் தளர, மூச்சை வைத்தியரே நடத்தும் முறை அதற்குப் பின் உலகெங்கும் பரவியது. ஓர் ஆளைக் குப்புறப் போட்டு மணிக்கணக்கில் அசையாமல் வைத்திருக்கும் இன்றைய முள்ளந்தண்டு வேலை முழுவதும் அந்தப் படியில் ஏறித்தான் வந்தது. முன்னேற்றத்தோடு அதன் பக்கவிளைவும் இதே ஊரிலிருந்து கிளம்பியது என்று சொல்வது மிகை. ஆனால் நீண்ட நேரம் கிடத்தலாம் என்றான பிறகுதான் கண்ணைப் பற்றிய முறைப்பாடுகள் வைத்திய ஏடுகளில் தென்படத் தொடங்கின என்பது காலவரிசையில் தெரிகிறது.

1948இல் ஸ்லோக்கமும் கூட்டாளிகளும், மேசையில் தவறாகக் கிடத்தியதால் வந்த நரம்பு, இரத்தநாளக் கேடுகளைத் தொகுத்து எழுதினார்கள். 1954இல் மேயோ கிளினிக்கின் ஹொலன்ஹோர்ஸ்ட் குழு இன்னும் துல்லியமாகப் பேசியது. மூளை, கழுத்து ஒப்பரேசனுக்காகக் குதிரைலாட வடிவத் தலைதாங்கியில் முகத்தைக் கவிழ்த்துக் கிடந்த எட்டுப் பேர், ஒரு கண்ணின் பார்வை போய் விழித்தார்கள். தாங்கியின் விளிம்பு கண் உருண்டையை நேரடியாக நசுக்கியிருந்தது. அந்தக் குழு குரங்குகளில் சோதித்தபோது, கண்ணை அழுத்துவதோடு இரத்த அமுக்கத்தையும் இறக்கினால் விழித்திரை செத்துப்போவது தெரிந்தது. அன்றிலிருந்து கண்ணில் எதுவும் படக்கூடாது என்பது மயக்கமருந்து வைத்தியர்களின் முதல் பாடமாயிற்று.

வயிற்றுப் பிரச்சினைக்குத் தீர்வு கனடாவிலேயே வந்தது. ரொறன்ரோவின் சிறுவர் வைத்தியசாலையில் ரெல்ட்டன், ஹோல் இருவரும் 1967இல் நான்கு மெத்தைத் தாங்கிகள் கொண்ட ஒரு பிரேமை வெளியிட்டார்கள். அதில் வயிறு தொங்கும்; அழுந்தாது. அவர்கள் கவலைப்பட்டது கண்ணைப் பற்றி அல்ல, வளைந்த முதுகைச் சீராக்கும்போது பிள்ளைகள் இழக்கும் இரத்தத்தைப் பற்றி. வயிறு தொங்கினால் நாளங்களில் தேக்கம் குறையும், இரத்தப்போக்கும் குறையும். அதே தர்க்கம் கண்ணுக்கும் பொருந்தும் என்று எவரும் அப்போது அளந்து பார்க்கவில்லை.

அளந்தது 2001இல். அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் செங் குழு, முள்ளந்தண்டு ஒப்பரேசனுக்கு வந்த 20 பேரின் கண்களைக் கையடக்கக் கருவியால் ஐந்து கட்டங்களில் தொட்டுப் பார்த்தது. விழித்திருந்து மல்லாந்து கிடந்தபோது சராசரி 19. மயக்கம் கொடுத்துப் பத்து நிமிடத்தில் 13. குப்புறப் புரட்டிய உடனே, கத்தி படுவதற்கு முன்னரே, 27. ஐந்து மணி நேரத்துக்கு மேல் கழிந்து வேலை முடியும் தறுவாயில் 40. திரும்ப மல்லாத்திய பிறகும் 31.

இந்த ஐந்து எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு விடயங்கள் தெரியும். புரட்டியதால் ஏற்பட்ட தாவல் ஒன்று; நேரம் செல்லச் செல்ல ஏறிய ஏற்றம் இன்னொன்று. முதலாவது உடல்நிலையின் வேலை. இரண்டாவது தேக்கத்தின், வீக்கத்தின் வேலை. விழித்திருக்கும் தொண்டர்களைப் பல மணி நேரம் குப்புறக் கிடத்தி அல்ட்ராசவுண்ட் பார்த்த கிராண்ட் குழுவும், மயக்கமே இல்லாமல் கோரொயிட் தடிப்பதையும் பார்வை நரம்பின் குறுக்களவு பெருப்பதையும் கண்டது. ஆகவே மயக்க மருந்தைக் குற்றவாளியாக்க இடமில்லை. அது தொடக்கத்தில் கொஞ்ச நேரம் கண்ணைக் காக்கவே செய்கிறது.

நாற்பது என்ற எண் வைத்தியர்களைத் திடுக்கிட வைத்ததற்குக் காரணம் ஒரு கழித்தல் கணக்கு. கண்ணுக்குள் இரத்தம் புக வேண்டுமானால் நாடியின் சராசரி அமுக்கம் கண் அமுக்கத்தை வெல்ல வேண்டும். விழித்திருக்கும்போது 90இலிருந்து 15ஐக் கழித்தால் 75 மிஞ்சும். முள்ளந்தண்டு ஒப்பரேசனில் இரத்தப்போக்கைக் குறைக்க நாடி அமுக்கத்தை 65க்கு இறக்குவது அந்நாளில் வெகு சாதாரணம். அதிலிருந்து 40ஐக் கழித்துப் பாருங்கள்: 25. இரத்த அமுக்கத்தைச் சீராக வைத்திருந்தாலுங்கூடக் கண்ணின் இரத்தோட்டம் குறையலாம் என்று செங் குழு எச்சரித்தது. குளுக்கோமா வைத்தியம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. அதனால் உடனே ஒரு கதை உருவாகியது. குப்புறக் கிடந்தால் கண் அமுக்கம் ஏறும். ஏறினால் பார்வை நரம்புக்கு இரத்தம் கிடைக்காது. நோயாளி குருடராக விழிப்பார். கேட்பதற்கு ஓட்டையே இல்லாத கதை.

ஓட்டையைக் காட்டியது ஒரு பதிவேடு. அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் சங்கம் 1999இல், ஒப்பரேசனுக்குப் பின் பார்வை இழந்தவர்களின் விபரங்களைப் பெயரில்லாமல் சேகரிக்கத் தொடங்கியது. 2006இல் லீ குழு அதிலிருந்து முள்ளந்தண்டு ஒப்பரேசன் செய்த 93 பேரை எடுத்து ஆராய்ந்தது. பத்துப் பேருக்கு விழித்திரையின் மைய நாடி அடைபட்டிருந்தது. பத்துமே ஒற்றைக் கண். பலருக்குக் கண்ணைச் சுற்றி நசுங்கிய அடையாளம். இது ஹொலன்ஹோர்ஸ்ட் சொன்ன பழைய விபத்து. மீதி 83 பேர் நிலை வேறு. அவர்களுக்குச் செத்தது பார்வை நரம்பு. 55 பேருக்கு இரண்டு கண்ணும். சராசரி வயது 50. பெரும்பாலோர் வேறு பெரிய நோய் இல்லாதவர்கள். சிலருடைய தலை ஊசிமுனைக் கவ்வியால் பிடிக்கப்பட்டு முகம் எதிலும் படாமல் அந்தரத்தில் இருந்தது. முகத்தில் எதுவுமே படாத இவர்களும் பார்வை இழந்தார்கள்.

அதைவிடக் கனமான உண்மை: 83 பேரில் 56 பேருக்கு நரம்பு பாதிக்கப்பட்ட இடம் கண் உருண்டைக்குப் பின்னால், கட்குழிக்குள். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அமுக்கம் அந்த இடத்தைத் தொடுவதில்லை. கண் உருண்டை நாற்பதில் விறைத்து நின்றாலும், நரம்பின் அந்தத் துண்டுக்கு இரத்தம் கொடுப்பது அதைச் சுற்றிய உறையின் மெல்லிய நாடிகள். அவை கண்ணுக்குள் நுழைவதே இல்லை. இப்படியிருக்க, கண் அமுக்கத்தால் பார்வை போயிற்று என்று எப்படிச் சொல்ல முடியும்?

என் பார்வையில் இந்தத் துறையின் இருபது வருட இலக்கியத்தில் பாதி, இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் சுற்றி நடந்திருக்கிறது. கண் அமுக்கம் அளப்பதற்குச் சுலபம். பேனா அளவுக் கருவி ஒன்று, மரப்பு மருந்து ஒரு துளி, இருபது நோயாளிகள், சில மாதங்கள். கட்டுரை தயார். நரம்பின் பின்பகுதியில் இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதை, ஒப்பரேசன் நடக்கும்போது, குப்புறக் கிடப்பவரிடம் அளக்கும் வழி நடைமுறையில் இல்லை. அளக்க முடிந்ததை அளந்தார்கள். அளந்ததையே காரணமாகவும் பேசினார்கள்.

2012இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு இன்னும் தெளிவு தந்தது. நரம்பு செத்துப் பார்வை இழந்த 80 பேரை, அதே மாதிரி ஒப்பரேசன் செய்தும் பார்வை இழக்காத 315 பேரோடு வைத்துப் பார்த்தார்கள். ஆபத்தைக் கூட்டியவை: ஆணாக இருத்தல், உடற்பருமன், வில்சன் பிரேம், நீண்ட நேரம், அதிக இரத்தப்போக்கு, ஏற்றிய திரவத்தில் அல்புமின் போன்ற கெட்டித் திரவத்தின் பங்கு குறைவாக இருத்தல். வில்சன் பிரேமின் ஆபத்து நான்கு மடங்குக்கும் மேல். இந்த பிரேம் முதுகை வில்லாக வளைத்து எலும்புகளின் இடைவெளியைத் திறக்கும். சத்திரசிகிச்சை வைத்தியருக்கு வசதி. ஆனால் அதில் தலை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே போய்விடும். ஒவ்வொரு மணி நேரமும், இழக்கும் ஒவ்வொரு லீற்றரும் ஆபத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்த்தின.

இந்தப் பட்டியலில் உள்ளவை அனைத்தும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. நாளத் தேக்கமும் திசு வீக்கமும். எலும்பாலான கட்குழிக்குள், உறையால் சுற்றிக் கட்டிய நரம்பு, நீர்கோத்து வீங்கித் தன்னைத்தானே நெரிக்கிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். நிரூபணம் என்று சொல்லுமளவுக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் அது சரியென்றால், கண் அமுக்கத்துக்கும் பார்வை இழப்புக்கும் உள்ள உறவு தாய் பிள்ளை உறவல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் உறவு. தேக்கம் ஒன்றுதான், அது கண்ணுக்குள் அமுக்கமாகவும் கண்ணுக்குப் பின்னால் வீக்கமாகவும் தலைகாட்டுகிறது. கருவியில் ஏறும் எண், பின்னால் தெரியாமல் நடப்பதற்கு ஓர் அறிகுறி. அறிகுறியை மட்டும் சொட்டு மருந்தால் இறக்கினால் நோய் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சொட்டு மருந்தை முயன்றவர்களும் உண்டு. ஃபராக் குழு 2012இல் பிரிமோனிடின் சொட்டைப் பரிசோதித்தது. அமுக்கம் நாலைந்து புள்ளி குறைந்தது. செவோஃபுளூரேனுக்குப் பதிலாகப் புரொப்போஃபோல் கொடுத்தால், கூடவே டெக்ஸ்மெடிடோமிடின் சேர்த்தால், ஏற்றம் சற்றுக் குறைகிறது என்ற ஆய்வுகளும் வந்தன. எல்லாமே எண்ணைக் குறைத்தன. பார்வையைக் காத்தனவா என்பதைச் சொல்ல அவற்றுக்குத் தகுதி இல்லை. ஏனெனில் பார்வை இழப்பு அவ்வளவு அபூர்வம். அமெரிக்க வைத்தியசாலைகளின் 1996 முதல் 2005 வரையான பதிவுகளைப் புரட்டிய ஆய்வில், முள்ளந்தண்டை இணைக்கும் 10,000 ஒப்பரேசன்களில் 3.09 பேருக்கே பார்வைக் கேடு வந்திருந்தது. நரம்பு சாகும் வகையை மட்டும் எடுத்துப் பார்த்த பிந்திய ஆய்வு, 10,000க்கு ஏறக்குறைய ஒன்று என்றும், 1998க்கும் 2012க்கும் இடையில் அதுவும் பாதிக்குக் கீழே சரிந்தது என்றும் கணித்தது. இருபது பேரை வைத்து இப்படிப்பட்ட நோயைத் தடுத்தேன் என்று எவரும் நிறுவ முடியாது.

மேசையைச் சாய்த்துத் தலையை உயர்த்துவது மட்டும் வேறு ரகம். ஓஸ்கான் குழு 2004இல் விழித்திருந்த தொண்டர்களிடமும், கேரி குழு 2014இல் ஒப்பரேசன் நோயாளிகளிடமும் பார்த்தது இதைத்தான். 10 பாகை தலைப்பக்கம் உயர்ந்தால் அமுக்கத்தின் ஏற்றம் குறைகிறது. இது தேக்கத்தையே குறைக்கும் வழி. ஆகவே கண்ணுக்குள்ளும் பின்னாலும் ஒருசேர உதவ வாய்ப்பு உண்டு. இலவசமும் கூட. ஆனால் உடலளவில் விலை ஒன்று இருக்கிறது. தலை ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரும்போதும் அங்கு எட்டும் நாடி அமுக்கம் முக்கால் மி.மீ. குறையும். பத்துப் பாகைக்கு அது மூன்று நான்கு மி.மீ. தான் வரும். லாபம் அதைவிடப் பெரிது. தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பினால் மேற்பக்கக் கண்ணில் அமுக்கம் குறைவாக இருப்பதும் கண்டறியப்பட்டது. ஆனால் கீழ்ப்பக்கக் கண் யாருடையது? அதே நோயாளியுடையதுதானே.

அமெரிக்கச் சங்கத்தின் ஆலோசனைக் குறிப்பு 2006இல் முதலில் வந்து, 2012இலும் 2019இலும் புதுக்கப்பட்டது. தலை இதயத்தின் மட்டத்தில் அல்லது அதற்கு மேல், கழுத்து திருகாமல். கண்ணில் எதுவும் அழுந்தக் கூடாது. மிக நீளமான வேலையை இரண்டு நாளாகப் பிரிக்கலாமா என்று யோசிக்க வேண்டும். பார்வை போகும் அபாயம் இருப்பதை ஆபத்து மிகுந்த நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுந்ததும் பார்வையைச் சோதிக்க வேண்டும். கண் அமுக்கத்தைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருங்கள் என்ற கட்டளை அதில் இல்லை. மேலே சொன்ன காரணங்களால் அது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு கண் அமுக்கத்தை மறந்துவிடலாம் என்று முடித்தால் அது தவறு. ஒரு பிரிவினருக்கு அமுக்கமே நேரடி எதிரி. அந்தப் பிரிவில் நம்மவர்கள் கணிசம்.

1968இல் ஹையாம்ஸ் முதலானோர் ஒரு சோதனையை விபரித்தார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் கண் அமுக்கத்தைப் பார்ப்பது. நீர் வடியும் கோணம் பிறவியிலேயே ஒடுங்கிய கண்களில் விழிவில்லை முன்னே சரிந்து வடிகாலை அடைக்கும். அமுக்கம் கிடுகிடுவென ஏறும். ஒடுங்கிய கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றே உருவாக்கிய சோதனை அது. முள்ளந்தண்டு ஒப்பரேசன் அதே சோதனையைப் பல மணி நேரத்துக்கு, எவரும் கேட்காமலே நடத்திவிடுகிறது. கண்மணியை விரிக்கும் அத்ரோப்பின் வகை மருந்துகளும் சேர்ந்தால் இன்னும் மோசம். குப்புற ஒப்பரேசனுக்குப் பின் இரண்டு கண்ணிலும் திடீர்க் குளுக்கோமா வந்த சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளன.

இந்த ஒடுங்கிய கோணம் ஐரோப்பியரைவிட ஆசியரிடம் அதிகம். தமிழ்நாட்டில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வேலூரில் 30 முதல் 60 வயதினரிடையே நடத்தி 1998இல் வெளியான ஆய்வு கோணம் மூடிய குளுக்கோமா 4.32 வீதம் என்றது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு 2003இல் 0.5 வீதம் என்றது. சங்கர நேத்ராலயாவின் சென்னைக் குளுக்கோமா ஆய்வு கிராமத்திலும் நகரத்திலும் 0.9 வீதத்தை ஒட்டிச் சொன்னது. வரைவிலக்கணம் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டதால் எண்கள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் நமக்குத் தேவையான எண் வேறு: இன்னும் நோய் வராமல், கோணம் மட்டும் ஒடுங்கியிருப்பவர்கள். சென்னை ஆய்வில் 40 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேர் அப்படி இருந்தார்கள். குளுக்கோமா வந்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், ஆய்வாளர்கள் சொல்லும் வரை தமக்கு அது இருப்பதை அறியாமல் இருந்தார்கள்.

இதே சங்கர நேத்ராலயாவிலிருந்து 2006இல் வந்த இன்னோர் ஆய்வும் ஞாபகத்துக்கு வருகிறது. யோகாசனம் செய்யும் 75 பேரைச் சிரசாசனத்தில் நிற்க வைத்துக் கண் அமுக்கம் பார்த்தார்கள், இரு மடங்காயிற்று. ஆனால் அவர்களிடையே நிரந்தரமான உயர் கண் அமுக்கம் வழமையைவிடக் கூடுதலாக இல்லை. ஆரோக்கியமான கண், சில நிமிட ஏற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது. தாங்காதது நோயுள்ள நரம்பும் ஒடுங்கிய கோணமும்தான்.

ஒடுங்கிய கோணம் உள்ள எல்லோருக்கும் கருவிழித் திரையில் லேசர் துளை போட வேண்டுமா? குவாங்சோவில் நடந்து 2019இல் லான்செட்டில் வந்த பெரிய பரிசோதனை வேண்டாம் என்கிறது. லேசர் செய்யாத கண்களில்கூட ஆயிரத்துக்கு ஆண்டுக்கு எட்டில்தான் கேடு தொடங்கியது. லேசர் அதை நான்காகக் குறைத்தது. அன்றாட வாழ்க்கைக்கு அந்தத் தீர்ப்புச் சரி. ஆறு மணி நேரம் குப்புறக் கிடக்கப் போகிறவர் அந்தப் பரிசோதனையில் இல்லை. அவருக்குக் கண் வைத்தியர் தனியாக முடிவெடுக்க வேண்டும்.

சென்ட் லோரன்டுக்கு வந்தால் இந்த விடயம் காசுக் கணக்காகிறது. கியூபெக் சுகாதாரக் காப்புறுதியில் கண் பரிசோதனை 18 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் இலவசம். சமூக உதவிப்பணம் பெறுபவர்களுக்கும் உண்டு. இடையில் உள்ளவர்கள் கைக்காசு கொடுக்க வேண்டும், அல்லது வேலைத்தளக் காப்புறுதி இருக்க வேண்டும். கோட்-வெர்ட்யூ மெற்றோவிலிருந்து பஸ் பிடித்துத் தொழிற்பேட்டைக்குப் போய்ப் பெட்டி தூக்கி முதுகெலும்பு தேய்ந்து, ஐம்பதில் முள்ளந்தண்டு ஒப்பரேசனுக்கு நாள் பார்ப்பவர் சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறார். கண் மங்கவில்லை என்றால் கண்ணாடிக் கடைப்பக்கம் போகவும் மாட்டார். ஒப்பரேசன் இலவசம், அதற்கு முன் கண்ணைப் பார்ப்பது இலவசமல்ல. பிளவு விளக்கில் கோணத்தைப் பார்க்கவும் அமுக்கத்தை அளக்கவும் சில நிமிடங்கள் போதும். குடும்பத்தில் எவருக்காவது குளுக்கோமா இருந்தால், அல்லது தூரப்பார்வைக்குத் தடித்த பிளஸ் கண்ணாடி போடுபவர் என்றால், அந்தச் செலவை நான் தவிர்க்கச் சொல்லமாட்டேன்.

2020இல் இந்தக் கேள்வி ஒப்பரேசன் தியேட்டரைத் தாண்டித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தது. கொரோனா கனடாவிலேயே மிகக் கடுமையாகத் தாக்கிய நகரம் மொன்றியல். கோட்-டே-நேஜில் உள்ள யூத பொது வைத்தியசாலை, பெரியவர்களுக்கான கொரோனா வைத்தியசாலையாக அந்த மார்ச் மாதத்தில் முதலில் நியமிக்கப்பட்டவற்றில் ஒன்று. நுரையீரல் செயலிழந்தவர்களைக் குப்புறக் கிடத்துவது உலகெங்கும் அன்றாட வேலையாயிற்று. அதற்கு அடிப்படை 2013இல் பிரான்சின் கெரான் குழு செய்த பரிசோதனை: நாளுக்கு 16 மணி நேரத்துக்குக் குறையாமல் குப்புறக் கிடத்தியவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 வீதம், மல்லாந்தே கிடந்தவர்களில் 32.8 வீதம். இறப்பு பாதியாகக் குறையும்போது கண் அமுக்கத்துக்காக எவரும் தயங்க முடியாது. தயங்கவும் இல்லை. ஆனால் அப்படிக் கிடந்து மீண்ட சிலரின் பார்வை நரம்பு வீங்கியிருந்ததை நியூயோர்க் வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். முள்ளந்தண்டு ஒப்பரேசனில் ஆறு மணி நேரத்தை நீண்டது என்கிறோம். இங்கே பதினாறு, அதுவும் நாட்கணக்கில். கட்டில் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவதும், கண்ணில் எதுவும் படுகிறதா என்று ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பார்ப்பதும் தாதியர் கையில் உள்ள வேலை.

ஒப்பரேசன் முடிந்து விழிப்பவரிடம் இரண்டு விதக் கேடும் இரண்டு விதமாகப் பேசும். கோணம் அடைபட்டால் கண் சிவக்கும், குத்தும், தலை வெடிக்கும், வாந்தி வரும். வாந்தியை மயக்க மருந்தின் மேல் போட்டுவிட்டு, வலி மாத்திரையைக் கூட்டுவது எளிது. அந்த மறதியில் மணிக்கணக்கு கரையும். நேரத்துக்குப் பிடித்தால் மருந்தாலும் லேசராலும் பார்வையைக் காப்பாற்றலாம். நரம்பு செத்தால் வலியே இராது. கண் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். மயக்கம் தெளியாமல் மங்கலாகத் தெரிகிறது என்று நோயாளியே நினைத்துக் கிடப்பார். இதற்கு இன்றுவரை நிரூபணமான வைத்தியம் இல்லை. ஆனால் குறைந்த இரத்த அமுக்கத்தையும் இரத்தச்சோகையையும் உடனே சீராக்குவது, மிஞ்சியதைக் காக்கும் முயற்சி.

ஆகவே மீட்பு அறையில் கேட்க வேண்டிய கேள்வி சின்னது: என் விரல் எத்தனை, இந்தக் கண்ணில் தெரிகிறதா, மற்றக் கண்ணில்? பிரெஞ்சில் கேட்டால் பாதி மயக்கத்தில் இருக்கும் அறுபது வயதுத் தமிழர் பேசாமல் தலையாட்டிவிடக்கூடும். மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு பெரும்பாலும் ஒப்பரேசனுக்கு முந்திய சந்திப்போடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருக்க அனுமதி கிடைக்கும் மகனோ மகளோ, ஒரு கண்ணைக் கையால் பொத்திவிட்டு இதைத் தமிழில் கேட்கலாம். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திவிட்டு இன்னொரு தடவை.